'திறமையோடு செய்தது' லத்தீனில் எப்படி வரும்?

தந்திக்கம்பி:
அண்ணன் வயலின் செய்கிறவர். புதிதாக முடித்த வயலினுக்குள், துளை வழியாகப் பார்த்தால் தெரிகிற மாதிரி ஒரு சீட்டு ஒட்டப் போகிறார். 'மேட் வித் ஸ்கில்' என்பதை லத்தீனில் போட ஆசை. செயலி 'கும் ஆர்த்தே ஃபாக்தும்' என்கிறது. சரியா? ஒட்டிவிட்டால் பிய்த்தெடுப்பது கஷ்டம்.

பழஞ்சுவடி:
தப்பென்று சொல்ல முடியாது, ஆனால் சவசவ என்று இருக்கிறது. 'ஆர்த்தே' என்பதிலேயே நம்முடைய 'ஆல்' உருபு அடங்கியிருக்கிறது, 'கும்' வேண்டாம். ஆர்த்தே ஃபாக்தும், அவ்வளவுதான். 'ஆர்த்தே எத் லபோரே', அதாவது திறமையாலும் உழைப்பாலும், என்று பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்து அணி வைத்திருக்கிறதே, அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

கிரிமோனா:
வயலின் என்றால் வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது. இத்தாலியின் கிரிமோனா ஊரில் வயலின் செய்த மேதை ஸ்ட்ராடிவாரியின் சீட்டில் 'அந்தோனியுஸ் ஸ்ட்ராடிவாரியுஸ் கிரிமோனென்சிஸ் ஃபாகியேபாத் அன்னோ' என்று இருக்கும், பக்கத்தில் ஆண்டு. திறமை என்ற சொல்லே கிடையாது, பெயர், ஊர், ஒரு வினை, முடிந்தது. அந்த வினையைக் கவனியுங்கள். 'ஃபேகித்' என்றால் செய்தார், 'ஃபாகியேபாத்' என்றால் செய்துகொண்டிருந்தார். பழைய கிரேக்க மேதைகள் அப்பெல்லஸ், பாலிகிளைட்டஸ் எல்லாம் இப்படித்தான் கையெழுத்திட்டார்கள், கலை முடிந்துவிட்டதாக அவர்கள் நினைக்கவில்லை, இன்னும் திருத்த இடம் உண்டு என்று காட்டினார்கள் என்கிறார் பழைய ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி. மைக்கேலாஞ்சலோ 'பியெத்தா' சிலையில் மாதாவின் மார்புக்குக் குறுக்கே போகிற பட்டையில் செதுக்கியதும் இதே வினைதான். கை தேர்ந்தவர் தன் கையைப் பற்றித் தானே சான்றிதழ் எழுத வேண்டியதில்லை, அதை வயலின் சொல்லட்டும்.

பழஞ்சுவடி:
இதை ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு வசதியும் இருக்கிறது: 'ஃபாக்தும்' போட்டால் செய்த பொருள் எந்தப் பால் என்று பார்த்து ஃபாக்துஸ், ஃபாக்தா என்று மாற்ற வேண்டும். செய்தவர் பெயர் எழுவாயாக வந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பாராட்டு வேண்டுமென்றால் அதை நீங்கள் தனி அட்டையில் எழுதிக் கொடுங்கள். சூரியன் அரண்மனையின் வெள்ளிக் கதவுகளைப் பற்றி ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்னது பொருத்தமாக இருக்கும்: 'மாதெரியாம் சூபெராபாத் ஓபுஸ்', பொருளை விஞ்சியது வேலைப்பாடு.

தந்திக்கம்பி:
அண்ணனிடம் படித்துக் காட்டினேன், ஃபாகியேபாத் என்று முடிவு செய்துவிட்டார். பெயரை லத்தீன் மாதிரி '-உஸ்' போட்டு நீட்ட வேண்டுமா?

கிரிமோனா:
வேண்டாம், இருக்கிறபடியே விடுங்கள். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்துக்கு மட்டும் இடம் விட்டு அச்சடியுங்கள், அதைக் கையால் எழுதலாம், அடுத்த வயலினுக்கும் அதே சீட்டு ஆகும்.