புதுப்பிப்பு: முன் டயர் மாற்றியாயிற்று, ஆனால் நடுக்கத்துக்குக் காரணம் வேறு

என் மோட்டார் சைக்கிளின் தேய்ந்த முன் டயருக்கு மாற்றாக எதை வாங்கலாம், வேகம் குறையும்போது ஹேண்டில் ஏன் நடுங்குகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மழை நனைத்த கெந்திங் மலைப்பாதையை மனத்தில் வைத்து, பின் டயருக்கு இணையான மிஷெலின் ரோடு 6-ஐ 120/70-17 அளவில் வாங்கி, பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதி எண்ணையும் (முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு) சுழற்சி அம்புக்குறியையும் சரிபார்த்த பிறகே பொருத்தச் சொன்னேன். எதிர்பாராத வகையில், நடுக்கம் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

ஹேண்டில் கழுத்து பேரிங்கை (ஹேண்டில் திரும்பும் தண்டைத் தாங்கும் பாகம்) பார்க்கச் சொன்ன பினாங்கு அண்ணனின் யோசனையே பலித்தது: முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கை (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரு கால்களை) முன்னும் பின்னும் அசைத்தபோது தளர்வு கையிலேயே தெரிந்தது. பழைய டயர் அலையலையாகத் தேய்ந்ததற்கும் அதுவே காரணமாக இருக்க வேண்டும். பேரிங்கைச் சரியான அளவுக்கு இறுக்கிய பின், காராக் நெடுஞ்சாலையில் ஹேண்டில் துளியும் நடுங்கவில்லை.