ஃபைபர் உடல் கொண்ட சிறு ஸ்போர்ட்ஸ் காரில் மின் கோளாறைத் தேடிய அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து:

இரும்பு உடல் கொண்ட காரில் பேட்டரியின் நெகட்டிவ் முனை உடலோடு பிணைக்கப்பட்டிருப்பதால், விளக்கோ ஹாரனோ எதுவானாலும் பக்கத்திலுள்ள தகட்டில் ஒரு திருகை முடுக்கிவிட்டால் போதும், மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழி கிடைத்துவிடும். எடையைக் குறைப்பதற்காக உடலை ஃபைபரால் அமைத்த ஸ்போர்ட்ஸ் கார்களில் அந்த வசதி கிடையாது. 1996-இல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலிஸ் இந்த வகைக்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு: அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த அதன் அடிச்சட்டம் ஏறத்தாழ 68 கிலோதான், அதன்மேல் போர்த்தியிருப்பது மின்சாரத்தைக் கடத்தாத ஃபைபர். இத்தகைய காரில் ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் வயர், அதாவது மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் வயர், ஓட வேண்டும்; அந்த வயர்கள் பலவும் சேர்ந்து ஏதோ ஒரு போல்ட்டில் முடிய வேண்டும். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை அந்தப் போல்ட்டில்தான் இருந்தன.

உவரியில் கடற்கரைக்கு அருகே குடியிருக்கும் என் அத்தான் இரண்டு இருக்கை கொண்ட பழைய ஃபைபர் கார் ஒன்றை வைத்திருக்கிறார். பிரேக்கை மிதித்தால் அதில் இடப்பக்க இண்டிகேட்டர்களும் மங்கலாக எரியும். இண்டிகேட்டரைப் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து துடிக்கும். பல்புகள், இண்டிகேட்டரைத் துடிக்கவைக்கும் பிளாஷர் ரிலே, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஸ்விட்ச் என்று அடுத்தடுத்து மாற்றிய பிறகும் நிலைமை அப்படியே இருந்தது. “பியூஸ் எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, வயரிங் செட்டையே மாத்திரணும்” என்று எலக்ட்ரீசியன் சொன்ன பிறகுதான் அத்தான் என்னை அழைத்தார்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு விளக்குகள் சேர்ந்து எரிந்தால், அவ்விரண்டும் எந்த எர்த்தில் கூடுகின்றன என்பதையே முதலில் தேட வேண்டும். பிரேக் விளக்கின் வழியே வந்த மின்னோட்டம், தன் எர்த் அடைபட்டிருப்பதால், அதே எர்த்தைப் பகிரும் பின் இண்டிகேட்டர் பல்புக்குள் தலைகீழாக நுழைந்து, அதன் பிளஸ் வயர் வழியே முன் இண்டிகேட்டர் பல்பைக் கடந்து, அங்குள்ள நல்ல எர்த்தைப் போய்ச் சேர்கிறது. ஆகவே ஸ்விட்சும் ரிலேயும் குற்றமற்றவை.

மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து எர்த்தைச் சோதிப்பதை நான் ஏற்பதில்லை. அந்நிலையில் மீட்டர் செலுத்தும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது என்பதால், ஒற்றை இழையில் தொங்கும் வயரிலும் அது ஒலித்துவிடும். 55 வாட் ஹெட்லைட் கேட்கும் நாலரை ஆம்பியரை அந்த இழை ஒழுங்காகத் தராது. விளக்கை எரியவிட்டுத்தான் அளக்க வேண்டும். மீட்டரை டி.சி. வோல்ட் நிலையில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனைமேலேயே (கிளாம்ப்பின் மேல் அல்ல) ஊன்றி, சிவப்பு முனையைப் பல்பு ஹோல்டரின் எர்த்தில் வைத்தால், நல்ல பாதையில் 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. அத்தானின் காரில் பிரேக்கை மிதித்தபோது மூன்று வோல்ட்டைத் தாண்டியது. சிவப்பு முனையை ஒவ்வோர் இணைப்பாகப் பேட்டரியை நோக்கி நகர்த்திக்கொண்டே வந்தோம். பின்சக்கர வளைவுக்குள் இருந்த தம்பிளில் (எர்த் வயரின் முனையில் பொருத்திய உலோக வளையம்) மூன்று வோல்ட், அது உட்கார்ந்திருந்த அலுமினியச் சட்டத்தில் ஏறக்குறைய பூஜ்யம்.

கழற்றியபோது தம்பிளுக்கு அடியில் வெண்பொடி படிந்திருந்தது. செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான்; கடற்காற்று வீசும் ஊரில் அது விரைவாகவே நடக்கிறது. உலோகம் பளபளக்கும்வரை சுரண்டி, ஈயம் பூசிய தம்பிளை வைத்து உடனே முடுக்கி, மேலே வாசலின் தடவினோம். அத்துடன் அந்தப் போல்ட்டிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தடித்த வயர் ஒன்றையும் நேரடியாக இழுத்துவிட்டோம். சில நூறு ரூபாய் மீட்டரும் சிறிது பொறுமையும் இருந்திருந்தால், வயரிங் செட்டை மாற்றும் பேச்சே எழுந்திருக்காது என்பதுதான் எனக்கு வருத்தம்.

வள்ளியூரிலிருந்து:

இராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளில் மின்பராமரிப்பு செய்பவன் என்பதால், மேலே சொன்ன அளவீட்டு முறையை முழுமையாக வழிமொழிகிறேன். எஞ்சின் எர்த்தையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டுகளில் அமர்ந்திருப்பதால், அதையும் சட்டத்தையும் இணைக்கும் பின்னல் பட்டைதான் செல்ஃப் மோட்டாரின் பெரும் மின்னோட்டம் திரும்பும் வழி. நண்பர் ஒருவரின் காரில் அந்தப் பட்டை உள்ளுக்குள்ளேயே களிம்பேறி அறுந்திருந்தது. செல்ஃப் சோம்பலாகச் சுற்றியது. புதிய பேட்டரி வைத்தும் பயனில்லை. சிறிது நேரம் செல்ஃப் அடித்த பின் ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்டால் சுட்டது, ஏனென்றால் மின்னோட்டம் அந்தக் கேபிள் வழியே திரும்பிக்கொண்டிருந்தது. இது தீப்பற்றக்கூடிய நிலை. திரும்பும் வழியைச் சரிசெய்யும்வரை ஒருமுறைகூடச் செல்ஃப் அடிக்கக் கூடாது. ஜம்பர் கேபிளால் எஞ்சின் பிளாக்கைப் பேட்டரி நெகட்டிவோடு இணைத்ததும் செல்ஃப் முழு வேகத்தில் சுற்றியது; பட்டைதான் காரணம் என்பது அங்கேயே உறுதியாயிற்று.

நெல்லை சந்திப்பிலிருந்து:

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் புகுந்து நின்ற கார் என்னுடையது. இருக்கைக்கு அடியில் இருந்த கப்ளர்களை (வயர்களை இணைக்கும் செருகிகள்) கழுவி உலர்த்திய பிறகும், மாதங்கள் கழித்துக் கோளாறுகள் தொடங்கின. வயரின் உறைக்குள்ளேயே இழைகளுக்கிடையில் தண்ணீர் ஏறிச் செல்லும் என்பதை அப்போதுதான் கண்ணால் கண்டேன்: உறையைச் சீவினால் செம்பு கறுத்திருந்தது, ஒரு சாண் தள்ளி வெட்டிய இடத்தில்தான் பளபளப்பான செம்பு தெரிந்தது. இப்போது எஞ்சியிருப்பது பேட்டரி இறங்கும் சிக்கல். சில நாள் நிறுத்தி வைத்தாலே செல்ஃப் எடுப்பதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பாளையங்கோட்டையிலிருந்து:

எடை கருதி இத்தகைய கார்களில் பேட்டரியும் சிறியதாகவே இருக்கும். 35 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து கால் ஆம்பியர் கசிந்தால்கூட ஒரு நாளில் 6 ஆம்பியர்-மணி போய்விடும். நிறுத்திய காரில் 50 மில்லியாம்பியருக்குள் இருப்பதே முறை. பியூஸ்களைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். பிடுங்கிச் செருகும்போது உறங்கிக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் விழித்துக்கொண்டு அளவைக் குழப்பும். காரைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, ஒவ்வொரு பியூஸின் முதுகிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கிடையே மில்லிவோல்ட் அளவைப் பாருங்கள். எந்தப் பியூஸில் பூஜ்யத்துக்கு மேல் காட்டுகிறதோ அதன் வழியே மின்னோட்டம் ஓடுகிறது. இருக்கைக்கு அடியிலிருந்து வரும் வயர்களின் பியூஸை முதலில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.