போர்ட் லூயிஸில் முதல் மழைக்காலம்: கீழ்த்தள வீடு, சின்னப் பிள்ளை. என்ன செய்வது?

திருச்சி மலர் கேட்டது:

வணக்கம். செப்டம்பரில் திருச்சியிலிருந்து மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸுக்கு வந்தோம். கணவருக்கு இங்கே மூன்று வருட ஒப்பந்த வேலை. மகளுக்கு நான்கு வயது. கனால் தயோ பக்கம் கீழ்த்தள வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. வாடகை குறைவு, பஸ் பக்கத்திலேயே நிற்கும், பிள்ளை ஓடி விளையாடச் சின்னதாக ஒரு முற்றம். சந்தோஷமாகத்தான் குடி வந்தோம்.

போன வாரம் பீரோவை நகர்த்திக் கூட்டும்போது பின்னால் சுவரில் ஒரு கோடு தெரிந்தது. என் முழங்கால் உயரம் இருக்கும். கோட்டுக்குக் கீழே பழுப்பு, மேலே வெள்ளை. மற்ற சுவர்களுக்கெல்லாம் புதுப் பெயிண்ட் அடித்தவர்கள் பீரோ மறைத்த இடத்தை மட்டும் விட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டேன். பழைய ஈரம்தான், கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாங்கள் காவிரிக்கரையில் வளர்ந்தவர்கள். வெள்ளம் என்றால் மேட்டூரில் இத்தனை கன அடி திறந்துவிட்டார்கள் என்று முதலில் செய்தி வரும். கொள்ளிடம் ஏறுவதைப் பாலத்தில் நின்று பார்ப்போம். மூட்டை கட்ட நேரம் இருக்கும். இங்கே கிளாஸ் 1, கிளாஸ் 2 என்கிறார்கள். எந்த எண் வந்தால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்? கணவர் வேலையில் இருக்கும்போது மழை கொட்டினால் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் தனியாக என்ன செய்வது? இங்கே பேசும் கிரியோல் மொழி இப்போதுதான் கொஞ்சம் புரிய ஆரம்பித்திருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கடலூர்க்காரன் எழுதியது:

மலர், நான் இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. உங்கள் கேள்வியில் "எந்த எண் வந்தால்" என்று இருக்கிறது பாருங்கள், அதை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த எண்ணை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

கிளாஸ் 1 முதல் 4 வரை உள்ளது புயல் எச்சரிக்கை. அது காற்றுக்கான கணக்கு. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீச எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் எண் ஏறும். உங்கள் வீட்டு வாசலில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அந்த எண்ணில் இல்லை. கனமழைக்குத் தனியாக எச்சரிக்கை விடுவார்கள். ஆனால் இந்த ஊரில் மழை அந்த எச்சரிக்கைக்குக்கூட முந்திக்கொள்ளும். 2013 மார்ச் 30, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. எந்தப் புயலும் அருகில் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் 150 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி, போர்ட் லூயிஸில் 11 பேர் இறந்தார்கள். துறைமுக ஓரத்தில் கடைகள் இருக்கும் கோடான் பக்கத்துச் சுரங்க நடைபாதையில் சிக்கியவர்கள் உண்டு, ஒரு கட்டடத்தின் நிலத்தடி கார் நிறுத்தத்தில் சிக்கியவர்களும் உண்டு. நான் வருவதற்கு முன்னால் நடந்தது. ஆனால் இங்கே யாரிடம் மழையைப் பற்றிப் பேசினாலும் பேச்சு அந்தச் சனிக்கிழமையில்தான் போய் நிற்கும்.

காரணம் எளிது. நகரத்துக்குப் பின்னால் மலை, முன்னால் கடல். லெ பூஸ் மலை 800 மீட்டருக்கு மேல் உயரம். அங்கிருந்து துறைமுகம் வரை சில கிலோமீட்டர்தான். மலையில் பெய்வது கல் கட்டிய கால்வாய்களில் நேரே நகரத்துக்குள் இறங்கும். வழியெல்லாம் சிமென்ட் தரை, உறிஞ்ச மண் இல்லை. கால்வாய் வாயில் ஒரு மெத்தையோ மரக்கிளையோ அடைத்துக்கொண்டால் தண்ணீர் தெருவைப் பிடித்துக்கொள்ளும். 2015 டிசம்பரில் நான் விடுமுறையில் சென்னையில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அங்கே தண்ணீர் படி படியாக ஏறியது, ஏறியது நாள் கணக்கில் நின்றது. இங்கே அப்படி இல்லை. ஓடி வரும், காரைத் தூக்கும், சில மணி நேரத்தில் சேற்றை விட்டுவிட்டுப் போய்விடும். அதனால் தப்பிக்கும் முறையும் வேறு. ஊரைவிட்டுப் போக நேரம் கிடைக்காது. மேலே ஏறத்தான் நேரம் கிடைக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். 2024 ஜனவரி 15, பெலால் புயல் வந்த நாள். நமக்குப் பொங்கல். இங்கே தைப்பூசக் காவடிக்குத்தான் அரசு விடுமுறை, பொங்கலுக்கு இல்லை. கிளாஸ் 3 அறிவிக்காததால் அலுவலகம் திறந்திருந்தது. விடியற்காலையில் மனைவி பொங்கல் வைத்தாள், உடன் வேலை செய்பவர்களுக்கு ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டாள். கோடானுக்கு எதிர்ப்பக்கத் தெரு ஒன்றில் காரை நிறுத்திவிட்டு மாடி ஏறினேன்.

முற்பகலில் கீழே ஒரு சத்தம். ஜன்னலில் பார்த்தால் தெரு முழுக்கக் காப்பி நிறத் தண்ணீர். என் கார் இன்னும் நின்ற இடத்தில்தான் இருந்தது, சக்கரம் பாதி மூழ்கியிருந்தது. ஓடிப்போய் மேட்டில் ஏற்றிவிடலாம் என்று படியில் இறங்கினேன். கடைசிப் படியில் கட்டடத்தின் காவலாளி, அறுபது வயதுக்கு மேல் இருக்கும் கிரியோல் பெரியவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். "பா தெசான், பா தெசான்" என்றார். இறங்காதே என்று அர்த்தம். நான் உதறினேன். அவர் விடவில்லை. நாங்கள் இழுத்துக்கொண்டிருந்தபோதே தெருமுனையிலிருந்து ஒரு வெள்ளை வேன் பக்கவாட்டில் மிதந்து வந்து என் காரின் கதவில் மோதியது. இரண்டும் சேர்ந்து சுழன்று போயின. நான் அந்தக் கதவருகில்தான் நின்றிருப்பேன்.

அன்று சாயங்காலம் வரை அந்தப் பெரியவரும் நானும் இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்து தூக்கிலிருந்த பொங்கலைச் சாப்பிட்டோம். இன்றைக்கும் ஒவ்வொரு பொங்கலுக்கும் அவருக்கு ஒரு தூக்கு போகிறது.

கார் போனதைவிட என்னை வாட்டியது வேறொன்று. வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய கோப்பை முந்தின நாள்தான் காரில் வைத்திருந்தேன். ஒப்பந்தத்தின் அசல், திருமணச் சான்றிதழ், பையனின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கூழாகிவிட்டன. உள்ளூர்க்காரருக்கு வெள்ளம் வீட்டைத்தான் கெடுக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு இங்கே இருக்கும் உரிமையையே கேள்வியாக்கிவிடும். ஊரில் அப்பா தாலுகா அலுவலகத்துக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் அலைந்து நகல் வாங்கி அனுப்ப மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை அனுமதி முடியும் தேதியை எண்ணிக்கொண்டே தூங்கினோம். வெள்ளச் சேதம் என் காப்பீட்டில் சேராது என்பதும் அப்போதுதான் தெரிந்தது, கூடுதலாகக் கட்டியிருந்தால் சேர்ந்திருக்குமாம். உங்கள் பாலிசியை இன்றைக்கே எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் தேடிப் படியுங்கள்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது: மாடியில் இருப்பவரோடு இந்த வாரமே பழகுங்கள். வெயில் நாளில் அறிமுகமாகியிருந்தால்தான் மழை நாளில் கூச்சமில்லாமல் கதவைத் தட்ட முடியும். எல்லாச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டோடு இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு, பிள்ளையின் ஒரு செட் துணி, மருந்து, டார்ச், பவர் பேங்க் எல்லாவற்றையும் ஒரே முதுகுப் பையில் வையுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பை கதவுக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும். முற்றத்தில் தண்ணீர் தேங்கி அடுத்த கால் மணி நேரத்தில் வடியவில்லையென்றால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏறிவிடுங்கள். தரை நனைந்த பிறகு சுவிட்ச் பலகையைத் தொடவே கூடாது. ஏறின பிறகு ஃபிரிட்ஜுக்காகக்கூட இறங்காதீர்கள். போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 114, தீயணைப்பு 115. கணவரிடம் ஒன்றைச் சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள்: மழை நேரத்தில் உங்களைத் தேடிக் கிளம்பி வரக்கூடாது, இருக்கும் இடத்தில் மாடியில் இருக்க வேண்டும். நீங்கள் மேலே இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்தால்தான் அவரால் அதைக் காப்பாற்ற முடியும்.

வாக்வா தமிழ்ப்பிள்ளை எழுதியது:

வணக்கம் அக்கா. நான் இந்த மண்ணில் பிறந்தவன், ஐந்தாம் தலைமுறை. தமிழ் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் படித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஊர்ப்பெயரைக் கேளுங்கள், தண்ணீர் எங்கே வரும் என்று தெரியும். கனால் என்றால் கால்வாய். ரூயிஸோ என்றால் ஓடை. மார் என்றால் குட்டை, ஃபோன் என்றால் பள்ளம். வடக்கே ஃபோன் து சாக் என்று ஒரு கிராமம் இருக்கிறது, பல முறை வெள்ளம் பார்த்த ஊர். பழைய ஆட்கள் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். உங்கள் ஊரிலும் ஐயப்பன்தாங்கல் என்று இருக்கிறதாமே, தாங்கல் என்றால் குளம் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். அது போலத்தான்.

இன்னொன்று. நாங்கள் மேட்டு நிலத்தில், வாக்வா, கியூர்பிப் பக்கம், வருடம் முழுக்க மழையில் இருப்பவர்கள். போர்ட் லூயிஸில் வெயில் அடிக்கும், ஆனால் மலை மேல் கறுத்திருக்கும். அப்போது கீழே இருப்பவர்கள் கால்வாயில் இறங்கக் கூடாது, பிள்ளைகளை அதன் ஓரத்தில் விளையாட விடக்கூடாது. மேலே பெய்தது கீழே வந்துவிடும். என் பாட்டி வானத்தைப் பார்க்கமாட்டார், மலையைத்தான் பார்ப்பார்.

காரைக்கால் அக்கா, சேந்த்-ஆந்த்ரே எழுதியது:

நான் பக்கத்துத் தீவு ரியூனியனில் இருக்கிறேன். 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை 1966 ஜனவரியில் பெய்தது இந்தத் தீவில்தான், உலகத்திலேயே அதிகம். 2025 பிப்ரவரி 28-இல் கராஞ்ஸ் புயல் எங்கள் வடக்குப் பக்கத்தை அடித்துப் போட்டது. எங்களுக்கு எண் இல்லை, நிறம்: ஆரஞ்சு, சிவப்பு, ஊதா. சிவப்பு வந்தால் யாரும் வெளியே கால் வைக்கக் கூடாது.

கடலூர் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இங்கே ஆற்றின் குறுக்கே பாலத்துக்குப் பதில் தாழ்வாக ஒரு சிமென்ட் பாதை போட்டிருப்பார்கள், ராதியே என்போம். முழங்கால் அளவுதானே என்று காரை இறக்கிப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை. மொரீஷியஸிலும் தாழ்ந்த பாலம் இருந்தால் அதே சட்டம்தான்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் பெண்களுக்கு வேலை. சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ளிக் கழுவிவிடு, காய்ந்தால் கல்லாகிவிடும். வெறுங்காலோடு இறங்காதே, எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும் காய்ச்சல் மழைக்காலத்தில் இங்கே சாதாரணம். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் போதும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் டாக்டரிடம் வெள்ளத்தில் நின்றேன் என்று மறக்காமல் சொல். குழாயில் தண்ணீர் கலங்கி வந்தால் கொதிக்க வைத்துத்தான் பிள்ளைக்கு. கழுவுவதற்கு முன்னால் சுவரையும் சாமானையும் போட்டோ எடுத்து வை. அந்தக் கோட்டையும் இப்போதே எடுத்து வை கண்ணு, பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்தி. வீட்டுக்காரரிடம் பேச அது உதவும்.

திருச்சி மலர் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கடலூர் அண்ணன் எழுதியதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். கார் கதவு இடத்தில் அவர் எழுந்து போய்விட்டார். அப்புறம் வந்து சத்தியம் செய்தார்.

நேற்று கொஞ்சம் கேசரி கிளறி எடுத்துக்கொண்டு மாடி வீட்டுக் கதவைத் தட்டினேன். தனியாக இருக்கும் பாட்டி. கிரியோலிலும் கையாலும் பேசிக்கொண்டோம். கோட்டின் போட்டோவைக் காட்டினேன். சட்டென்று "தே மில் த்ரேஸ்" என்றார். 2013. அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்களும் இவர் வீட்டில்தான் இரவு தங்கினார்களாம். பேசிக்கொண்டே ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவியை எடுத்து என் மகள் கையில் வைத்துவிட்டார். நான் ஊருக்குப் போயிருந்தாலும் திறந்துகொள் என்று சைகை காட்டினார்.

வீட்டுக்காரரிடம் ஸ்கேலோடு எடுத்த போட்டோவை அனுப்பியிருக்கிறேன். மேல்தளத்தில் வேறு வீடு பார்த்துத் தரச் சொல்லியிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. முதுகுப் பை கதவில் தொங்குகிறது.

இன்று மாலை மகளைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்த்தேன். எங்கள் வாசலிலிருந்து பாட்டியின் கதவு வரை இருபத்திரண்டு படி. பையோடு ஒரு நிமிடத்துக்குள் ஏறிவிட முடிகிறது. கரன்ட் இல்லாத நேரத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க, இரவு விளக்குகளை அணைத்துவிட்டு இன்னொரு தடவை ஏறப் போகிறோம்.