கடையில் மின்னிய முருகை வீட்டில் மங்கிவிட்டது: அடுத்து எதை வாங்கலாம்?

மூன்றாம்மாடித் தொட்டி:
எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடு, 120 லீற்றர் கடல்நீர்த் தொட்டி. இரண்டு கோமாளி மீன்கள், சில நத்தைகள், ஓர் இறால். இவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. முருகைகளில்தான், அதாவது பவள உயிர்களில்தான், சிக்கல்.

சோவான்தஸ் (பூமொட்டுகள் போன்ற சிறு உயிர்களின் கூட்டம்) துண்டு ஒன்றும், லெதர் எனப்படும் தோல்போன்ற சிறிய மென்முருகை ஒன்றும் வாங்கினேன். கடையில் சோவான்தஸ் பச்சையும் செம்மஞ்சளுமாக ஒளிர்ந்தது. வீட்டில் அது வெறும் கபில நிறம், பாதி மொட்டுகள் திறப்பதே இல்லை. லெதரோ தலையைச் சுருக்கிக்கொண்டு, மேலே மெழுகுப் படலம் ஒன்றைப் போர்த்தியிருக்கிறது. இரண்டும் சாகின்றனவா?

அதே கடையில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு குட்டி மரம் நிற்கிறது. 'கார்னேஷன் முருகை, பராமரிப்பு சுலபம்' என்கிறார் கடைக்காரர். மகளுக்கு அதன்மீதுதான் கண். உப்புப் பொதிக்கு ஏன் பணம் கொடுக்கிறாய், கடல் நாலு எட்டில்தானே இருக்கிறது என்று மைத்துனர் கேட்கிறார். அவருடைய நண்பர் ஹிக்கடுவையிலிருந்து நல்ல நிறத்தில் முருகை கொண்டுவந்து தருவாராம். எதைக் கேட்பது, எதை விடுவது?

உப்புக்கணக்கு:
தம்பி, ஹிக்கடுவைக் கதையை இப்போதே நிறுத்துங்கள். அது 2002 முதல் தேசிய பூங்கா. அதற்கு வெளியே எடுத்தாலும் தப்ப முடியாது. எலும்புக்கூடு கட்டும் கல் முருகைகள் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. 1998இலும் 2016இலும் கடல் சூடேறி வெளுத்துச் செத்தவை போக மிஞ்சியவைதான் அங்கே இருக்கின்றன. நண்பருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இனி உங்கள் தொட்டி. வெப்பநிலை எவ்வளவு, காலையிலும் பிற்பகலிலும்? உப்புத்தன்மை எவ்வளவு, எதைக் கொண்டு அளந்தீர்கள்? நீரில் சேரும் சத்துகளான நைத்திரேற்று, பொசுபேற்று எவ்வளவு? விளக்கு என்ன நிறம்? ஆவியாகும் நீருக்கு ஈடாக எதை ஊற்றுகிறீர்கள்?

மூன்றாம்மாடித் தொட்டி:
காலையில் 27.5 பாகை, பிற்பகலில் 29. தொட்டியின் மேல் சிறு மின்விசிறி ஓடுகிறது. உப்புத்தன்மை 1.025, முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீற்றரால் அளந்தது. நைத்திரேற்று 5, பொசுபேற்று 0.05. எல்.ஈ.டி. விளக்கு, பெரும்பாலும் வெள்ளை. ஆவியாவதற்கு ஈடாக ஆர்.ஓ. நீர் (வடிகட்டி உப்பு நீக்கிய நீர்) மட்டும்தான்.

உப்புக்கணக்கு:
நைத்திரேற்றிலும் பொசுபேற்றிலும் குறை சொல்ல எதுவும் இல்லை. ஹைட்ரோமீற்றரைத்தான் நம்பவில்லை. முள்ளில் ஒரு குமிழ் ஒட்டினாலே எண் மாறிவிடும். உப்புப் படிந்தாலும் அப்படித்தான். யாரிடமாவது ரிஃப்ராக்டோமீற்றர் (ஒளி வளைவதைக் கொண்டு உப்பை அளக்கும் கருவி) இருந்தால் தொட்டி நீரை ஒரு போத்தலில் கொண்டுபோய் அளந்து பாருங்கள். அந்தக் கருவியையும் வெறும் நீரில் பூச்சியத்துக்கு வைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளக்கூடாது. ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு என்று குறித்த அளவைக் கரைசலில் அது 35 காட்ட வேண்டும்.

நீலவெளிச்சம் வேண்டாம்:
அவர் உப்பைப் பார்க்கட்டும், நான் நிறத்தைப் பற்றிச் சொல்கிறேன். எனக்குப் பெரிய கோபமே இந்த விடயத்தில்தான்.

கடைகளில் முருகைத் தொட்டிக்கு மேல் நீல விளக்கை மட்டும் எரிய விடுகிறார்கள். முருகையின் உடலில் உள்ள சில புரதங்கள் நீல ஒளியை உள்வாங்கிப் பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் திருப்பி உமிழ்கின்றன. நீங்கள் கண்ட மினுக்கம் அதுதான். வீட்டில் வெள்ளை விளக்கின் கீழ் அந்த உமிழ்வு அமுங்கிவிடுகிறது. முருகைக்குள் வாழும் நுண்பாசியின் கபில நிறம் மேலே தெரிகிறது. ஆகவே உங்கள் சோவான்தஸ் நிறம் இழந்திருக்க வேண்டிய அவசியமில்லை. இரவில் வெள்ளையை அணைத்துவிட்டு நீலத்தை மட்டும் போட்டுப் பாருங்கள், பழைய ஆள் திரும்பிவிடுவார்.

இனிமேல் வாங்கும்போது கடைக்காரரிடம் வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுங்கள். போட மறுத்தால் கைபேசி விளக்கையாவது அடித்துப் பாருங்கள். அந்த ஒளியிலும் பிடித்திருந்தால் மட்டுமே காசை எடுங்கள்.

கார்னேஷனை மறந்துவிடுங்கள். டென்ட்ரோநெப்தியா என்ற இனம் அது. மற்ற முருகைகளுக்கு உள்ளே குடியிருக்கும் பாசி வெளிச்சத்திலிருந்து சாப்பாடு தயாரித்துக் கொடுக்கும். இதற்கு அந்தக் குடித்தனக்காரரே கிடையாது. அந்தச் சிவப்பும் மஞ்சளும் அவ்வளவு சுத்தமாகத் தெரிவதற்கும் கபிலப் பாசி இல்லாததே காரணம். ஓடும் நீரில் வரும் நுண்மிதவைகளை ஓயாமல் தின்றால்தான் உயிர் தங்கும். வீட்டுத் தொட்டியில் அது மெல்ல மெல்லப் பட்டினி கிடந்து சாகும். 'சுலபம்' என்று விற்பவருக்கு அதை விற்பது சுலபம், அவ்வளவுதான்.

தெகிவளைத் தொட்டிக்காரி:
நீலவெளிச்சம் அண்ணா சொல்வதில் ஒரு திருத்தம். எல்லாக் கபில நிறத்தையும் விளக்கின் தலையில் போட முடியாது. வெளிச்சம் போதாமலோ சத்து அதிகமாகியோ பாசி பெருகினாலும் முருகை கபிலமாகும். ஆனால் தம்பியின் எண்களைப் பார்த்தால் சத்து மிதமிஞ்சவில்லை.

லெதரைப் பற்றிப் பயப்படவே வேண்டாம். அது தோல் உரிக்கிறது. அந்தப் படலத்தோடு சேர்த்து ஒட்டிய பாசி, தூசியையும் கழற்றிப் போடும். சில நாட்கள், சிலவேளை இரண்டு வாரங்கள்கூட ஆகலாம். கையால் உரிக்காதீர்கள், நீரோட்டம் சற்று வலுவாகப் படும் இடத்தில் வையுங்கள், தானே கழன்றுவிடும். அடிப்பகுதி கறுத்துக் கரைந்து நாறினால் மட்டும் கவலைப்படுங்கள்.

மைத்துனருக்குப் பதில்: வெள்ளவத்தைக் கால்வாய் அதே கரையில்தான் கடலில் விழுகிறது. அந்த நீரையா தொட்டியில் ஊற்றப் போகிறீர்கள்? மழை பெய்தால் அதன் உப்பும் இறங்கிவிடும்.

மூன்றாம்மாடித் தொட்டி:
அளந்துவிட்டேன். கடையின் ரிஃப்ராக்டோமீற்றரில் 1.030. இரண்டு முறை பார்த்தோம். என் ஹைட்ரோமீற்றர் இன்னும் 1.025 என்றே சாதிக்கிறது.

உப்புக்கணக்கு:
அப்படியானால் மொட்டுகள் மூடியதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். 1.030 என்றால் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 40 பங்கு உப்பு, வேண்டியது 35. உங்கள் தொட்டியில் பாறையும் மணலும் போக நீர் 100 லீற்றர் இருக்கலாம். அதில் 12 லீற்றரை எடுத்துவிட்டு ஆர்.ஓ. நீர் ஊற்றினால் கணக்கு சரிவரும். ஒரே நாளில் செய்யாதீர்கள். நாளுக்கு 2 லீற்றர் வீதம் மாற்றுங்கள், இடையிடையே அளந்துகொள்ளுங்கள். அதுவரை புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.

மின்விசிறியை நிறுத்திவிடாதீர்கள். கொழும்பின் ஈரக்காற்றில் அது ஓரிரு பாகை குறைத்தாலே லாபம். 29ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் மென்முருகைகள் சமாளிக்கும்.

கொட்டாஞ்சேனை:
மின்வெட்டுக்கு பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பி ஒன்று அலுமாரியில் இருக்கட்டும். 2022இல் 13 மணி நேரம் இருட்டில் இருந்த ஊர் இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு நாடு முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்தியதாகச் சொன்னார்கள். வெதுவெதுப்பான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். முதலில் மீன்கள்தான் போகும்.

நீலவெளிச்சம் வேண்டாம்:
உப்பு சரியான பிறகு எதை வாங்குவது என்று கேட்டீர்கள். வெள்ளை வெளிச்சத்திலும் நிறம் காட்டுபவை: சிவப்பு, நீல டிஸ்கோசோமா காளான்கள். வெளிச்சம் குறைந்தாலும், நீரோட்டம் மந்தமாக இருந்தாலும் குறை சொல்லாத முருகைகள் இவை. தொட்டியின் அடியில், நிழல் பக்கமாக வையுங்கள். ரிக்கோர்டியா என்ற இன்னொரு காளான் இன்னும் அழகு, விலையும் அப்படியே. சோவான்தஸில் இன்னும் இரண்டு வகை சேர்க்கலாம். மஞ்சள், சிவப்பு விளிம்புள்ளவை வெள்ளையிலும் எடுப்பாக இருக்கும்.

பச்சை நட்சத்திரப் பொலிப் என்று விற்பதையும் ஸீனியா என்ற மென்முருகையையும் தொடக்கக்காரர்களுக்குச் சிபாரிசு செய்வார்கள். நான் செய்யமாட்டேன். சாகவே மாட்டா என்பது உண்மை, அதுதான் பிரச்சினையும். ஒரு வருடத்தில் பாறை முழுவதும் அவற்றின் சொத்தாகிவிடும்.

தெகிவளைத் தொட்டிக்காரி:
இதில் நான் உடன்படவில்லை. பச்சைப் பொலிப்பை முதன்மைப் பாறையில் ஒட்டினால்தானே பரவும்? மணலின் நடுவில் தனிக்கல்லில் வையுங்கள், அல்லது பின்கண்ணாடியில் ஏறவிடுங்கள். அலையும் பச்சைப் புல்வெளியைப் பார்த்தால் மகள் கார்னேஷனை மறந்துவிடுவாள். ஸீனியா விடயத்தில் அண்ணா சொல்வது சரி.

ஒன்றை யாரும் சொல்லவில்லை. சோவான்தஸ், அதன் உறவான பலித்தோவா இனங்கள் சிலவற்றில் பலிடொக்சின் என்ற கடும் நச்சு உண்டு. வெட்டும்போதும் கல்லிலிருந்து பெயர்க்கும்போதும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அவை ஒட்டிய பாறையை ஒருபோதும் கொதிநீரில் போடாதீர்கள். அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பமே வைத்தியசாலைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. மகளைத் தொட்டிக்குள் கைவிட விடாதீர்கள்.

மூன்றாம்மாடித் தொட்டி:
நன்றி அக்கா, அது எனக்குத் தெரியாது. உப்பு 1.026க்கு இறங்கிவிட்டது. சோவான்தஸ் முழுவதும் திறந்திருக்கிறது. நீல விளக்கில் பச்சையும் வந்துவிட்டது. லெதர் தோலைக் கழற்றிவிட்டது, விரல்கள் நீட்டியிருக்கிறது. மகள் சிவப்புக் காளானுக்குச் சம்மதித்துவிட்டாள். கல் முருகை ஏதாவது ஒன்று வைக்கலாமா? ஹம்மர் மிகவும் பிடித்திருக்கிறது.

உப்புக்கணக்கு:
இன்னும் சில மாதங்கள் பொறுங்கள். ஹம்மர் எலும்புக்கூடு கட்டும். அதற்குக் கல்சியம் லீற்றருக்கு 400–450 மில்லிகிராம், காரத்தன்மை 8–9 டி.கே.எச். (காரத்தன்மையின் அலகு) என்று அசையாமல் இருக்க வேண்டும். அதை வாரந்தோறும் அளந்து ஓர் ஏட்டில் எழுதுங்கள். எண்கள் ஆடாமல் இருந்தால் முதலில் டங்கன் என்ற கல் முருகை, பிறகு ஹம்மர். கிளைவிடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், சுவர்போல் வளரும் வகை வேண்டாம். கல் முருகைகள் எல்லாம் சைட்டிஸ் எனும் வனவுயிர் வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவை. சட்டப்படி இறக்குமதியானதா என்று கடையில் கேளுங்கள்.

ஹம்மர் இரவில் நீண்ட கொடுக்கு இழைகளை வீசும். சோவான்தஸிலிருந்து ஒரு சாண் தள்ளியே வையுங்கள். லெதர் நீரில் விடும் இரசாயனம் ஹம்மருக்கு ஆகாது. வடிகட்டியில் செயலூக்கிய காபன் ஒரு பை போட்டு மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் செப்பு கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது, மீனை வேறு தொட்டிக்கு எடுத்துவிட்டுத்தான் மருந்து.

மூன்றாம்மாடித் தொட்டி:
சரி அண்ணா, டங்கன்வரை பொறுக்கிறேன். ஹைட்ரோமீற்றரை மைத்துனரிடம் கொடுத்துவிட்டேன்.