முதல் ஷொட்கன்: 900 டொலருக்குள் காட்டுக்கும் களிமண் தட்டுக்கும் எதை வாங்கலாம்?

கேள்வி: ஸ்காபரோ இடதுகை

அனைவருக்கும் வணக்கம். கனடியத் துவக்குப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, விண்ணப்பம் அனுப்பி, முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கென்று சட்டத்தில் உள்ள 28 நாள் காத்திருப்பையும் அதற்கு மேலும் சில வாரங்களையும் கடந்து, சென்ற மாதம்தான் அனுமதி அட்டை என் கைக்கு வந்தது. ஒன்ராறியோவின் வேட்டைப் பயிற்சியிலும் தேர்ச்சி பெற்றுவிட்டேன். இனிச் சிறு சன்னங்கள் சிதறிப் பாயும் ஷொட்கன் துவக்கு ஒன்று வாங்க வேண்டும்.

என் தேவை பெரிதல்ல. இலையுதிர் காலத்தில் மூன்று நான்கு தடவைகள், வேலைத்தள நண்பர் ஒருவருடன் ஹலிபேர்ட்டன் பக்கம் கிரௌஸ் பறவைக்கும் பனிமுயலுக்கும் போக எண்ணியிருக்கிறேன். அடுத்த ஆண்டு காட்டுத் தாராவுக்கும் போகலாம். மற்றப்படி மாதம் ஒருமுறை நகரத்துக்கு வடக்கே உள்ள ஒரு கழகத்தில் பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழக விரும்புகிறேன். பூட்டு, உறை, முதல் தோட்டாக்கள் எல்லாம் சேர்த்து 900 டொலருக்கு மேல் போக முடியாது. என் உயரம் 5 அடி 4 அங்குலம், நான் இடதுகைக்காரன்.

வன்னியில் வளர்ந்த காலத்தில் பெரியப்பா வைத்திருந்த இடியன் துவக்கைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன், தொட்டதில்லை. கடைக்குப் போனபோது முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப், தானாகவே ஏற்றிக்கொள்ளும் செமி ஓட்டோ, மேலும் கீழுமாக இரண்டு குழல் உள்ளது என்று மூன்று வகைகளை மேசையில் அடுக்கினார்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தபின் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. 12 கேஜா 20 கேஜா (குழலின் அளவு; இதில் 12 தான் பெரியது), எந்த வகை, புதியதா பழையதா என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: பீற்றர்பரோ அண்ணன்

தம்பிக்கு வணக்கம். இங்கே இருபது வருடத்துக்கு மேலாக வேட்டைக்குப் போகிறேன். என் முதல் துவக்கைப் பெயருக்காக வாங்கி, அது தோளில் பொருந்தாமல் இரண்டு பருவங்களை வீணாக்கியவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் தேவைக்கும் பணத்துக்கும் நான் சொல்வது 12 கேஜ், 28 அங்குலக் குழல், சோக் (சன்னம் பரவும் அளவைக் கட்டுப்படுத்தும் குழல்முனைக் குறுக்கி) மாற்றக்கூடிய ஒரு பம்ப் துவக்கு. மொஸ்பேர்க் 500, ரெமிங்டன் 870, வின்செஸ்டர் எஸ்எக்ஸ்பி ஆகிய மூன்றும் இந்த வகைதான். மொஸ்பேர்க் நிறுவனமே இன்னும் மலிவாக விற்கும் மாவெரிக் 88 என்பதும் உண்டு. 870 என்பது 1950 இலும் மொஸ்பேர்க் 500 என்பது 1961 இலும் வந்தவை; இவ்வளவு காலமும் காட்டிலும் சேற்றிலும் அடிபட்டவை என்பதால் உதிரிப்பாகத்துக்கும் திருத்துபவருக்கும் பஞ்சமில்லை.

இவற்றுள் உங்களுக்கு மொஸ்பேர்க் 500 ஐ முன்னுக்கு வைப்பேன். காரணம் உங்கள் இடதுகை. தவறிச் சுடாமல் தடுக்கும் அதன் சேஃப்டி பொத்தான் துவக்கின் முதுகில், பெருவிரல் தானாகவே போய் நிற்கும் இடத்தில் இருப்பதால் எந்தக் கைக்காரருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும். 870 இலும் மாவெரிக் 88 இலும் அது விசைக் காவலில் குறுக்காக அழுத்தும் பொத்தான். வலதுகைக்காரரின் சுட்டுவிரலுக்கென்று அமைந்தது. கிரௌஸ் காலடியிலிருந்து படபடவென்று எழும்பி இரண்டு விநாடிக்குள் மரங்களுக்குள் மறைந்துவிடும். அந்த நேரத்தில் பொத்தானைத் தேடும் கைக்குப் பறவை கிடைக்காது. அதைவிட, தேடுகின்ற அவசரம் ஆபத்தானது. மாவெரிக்குக்கும் 500 க்கும் உள்ள விலை வித்தியாசத்தை நீங்கள் இந்தப் பொத்தானுக்காகக் கொடுக்கிறீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வெற்றுத் தோட்டா வலப்பக்கமாக, அதாவது உங்கள் முகத்துக்கு முன்னால் பாய்ந்து போகும் என்பதும் உண்மைதான். ஆனால் பம்ப்பில் அதை வெளியே தள்ளுவது உங்கள் கை என்பதால் சில நாட்களில் அது பழகிவிடும்.

20 கேஜ் உதை குறைந்தது என்று கடையில் சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மை. உதையைத் தீர்மானிப்பது தோட்டாவில் உள்ள சன்னத்தின் நிறையும் வேகமும் துவக்கின் நிறையும்தான். 20 கேஜின் வழமையான தட்டுத் தோட்டாவில் 7/8 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 25 கிராம் சன்னம் இருக்கும். 12 கேஜிலும் 24 கிராம், 28 கிராம் தோட்டாக்கள் விற்கிறார்கள். ஒலிம்பிக் போட்டியில் சுடுவதே 24 கிராம்தான். அதே அளவு சன்னத்தைக் கூடிய நிறையுள்ள 12 கேஜில் சுட்டால் தோளுக்கு இன்னும் இதம். பிறகு தாராவுக்குப் போகும்போது அதே துவக்கில் கனமான தோட்டாவையும் போடலாம். 12 கேஜ் தோட்டா எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். 20 கேஜ் அப்படியல்ல.

இன்னொன்றையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு கேஜ்களும் இருந்தால் தோட்டாக்களை ஒரே பைக்குள் ஒருபோதும் போடாதீர்கள். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலின் வாயறையை (தோட்டா உட்காரும் இடத்தை) தாண்டி உள்ளே வழுக்கிச் சென்று, சற்று முன்னால் விளிம்பு தட்டி நின்றுவிடும். பின்னாலிருந்து பார்ப்பவர் அறை காலியென்று நினைத்து 12 கேஜ் தோட்டாவை ஏற்றிச் சுட்டால் குழல் வெடிக்கும். அதனால்தான் 20 கேஜ் தோட்டாவின் உறையை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள்.

இனிப் பொருத்தம். எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது இதுதான். ரைஃபிளில் குறி பார்க்கிறோம். ஷொட்கனில் உங்கள் கண்ணே பின்குறி. சோங்கு (தோளில் அணைக்கும் பின்கட்டை) கன்னத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காரவில்லையென்றால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில்தான் சுடுவீர்கள். கடையில் துவக்கு காலி என்பதை உங்கள் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துவிட்டு, பாதுகாப்பான திசையில் கண்களை மூடிக்கொண்டு தோளில் ஏற்றுங்கள். சோங்கு கன்னத்தில் பதிந்தபின் கண்ணைத் திறந்தால், குழலின் முனையிலுள்ள மணியும் அதற்குக் கீழே குழல்மேட்டின் (குழலின் முதுகில் ஓடும் பட்டையின்) ஒரு மெல்லிய கீற்றும் மட்டும் தெரிய வேண்டும். மேடு முழுவதும் தெரு மாதிரித் தெரிந்தால் உங்களுக்குச் சோங்கு உயரம்; மணியே தெரியாவிட்டால் பள்ளம். விசையிலிருந்து சோங்கின் முடிவு வரையுள்ள நீளம் பெரும்பாலான துவக்குகளில் 14 அங்குலத்தை ஒட்டியிருக்கும். உங்கள் உயரத்துக்கு அது சற்றுக் கூடுதலாக இருக்கலாம், நவம்பரில் தடித்த குளிர் அங்கியும் சேர்ந்தால் சோங்கு அக்குளில் மாட்டும். ஆகவே அங்கியைப் போட்டுக்கொண்டே பாருங்கள். நீளம் குறைந்த சோங்கு தனியாகவும் விற்கிறார்கள்.

எந்தக் கண் ஆளுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரு கண்களையும் திறந்து, தூரத்திலுள்ள ஒரு பொருளைப் பெருவிரலால் மறைத்து, பின் ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் அசையாமல் நிற்கிறதோ அதுவே ஆளும் கண். இடதுகைக்காரர் எல்லாரும் இடதுகண்காரர் அல்லர். கண் வலது என்றால் இப்போதே வலத்தோளில் பழகத் தொடங்குவது நல்லது. அப்படியானால் நான் மேலே சொன்ன பொத்தான் காரணம் வலுவிழந்துவிடும்.

பதில் 2: தட்டுப் பிரியை

வணக்கம். அண்ணன் சொன்ன பொருத்தம் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன்; ஆனால் பம்ப் என்ற முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. கேள்வி கேட்டவர் ஆண்டுக்கு மூன்று நான்கு நாட்கள் காட்டுக்குப் போகப் போகிறார். காட்டில் ஒரு நாளில் ஐந்து தோட்டா சுட்டால் அதிகம். கழகத்தில் ஒரு சுற்றே 25 தட்டு. போனவர் இரண்டு சுற்றாவது சுடாமல் திரும்ப மாட்டார். அப்படியென்றால் இந்தத் துவக்கு சுடப்போகும் தோட்டாக்களில் பத்தில் ஒன்பது தட்டுக்குத்தான் போகும். துவக்கையும் அதற்கேற்றபடி தெரிவு செய்ய வேண்டாமா?

கழகத்தில் சுடும் தட்டு ஆட்டங்களில், முன்னாலுள்ள ஒரே கூண்டிலிருந்து தட்டு கிளம்பும் ட்ராப்பில் பம்ப்பால் குறையில்லை. சுடுபவர் தட்டு கிளம்பும் கூண்டுக்கு 16 யார் தூரம் பின்னால் நிற்பார்; ஒரு தட்டுக்கு ஒரு சூடுதான்; அடுத்தவர்கள் சுட்டு முடிக்கும்வரை நேரம் தாராளமாக உண்டு. இரண்டு கூண்டுகளிலிருந்து தட்டு வரும் ஸ்கீற் ஆட்டத்தில் கதை வேறு. எட்டு நிலைகளில் 1, 2, 6, 7 ஆகியவற்றில் உயர்ந்த கூண்டிலிருந்தும் தாழ்ந்த கூண்டிலிருந்தும் இரண்டு தட்டுகள் ஒரே நேரத்தில் பறக்கும். முதல் தட்டைச் சுட்டபின் முன்பிடியை இழுத்துத் தள்ளும் அசைவில் புதியவரின் கன்னம் சோங்கிலிருந்து எழுந்துவிடும். இரண்டாவது தட்டு தப்பிவிடும். நான் முதல் ஆண்டு முழுவதும் பம்ப்பில்தான் சுட்டேன். ஐம்பதாவது தோட்டாவுக்குப் பிறகு தோள் நொந்து, விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அதைக் கழற்ற இன்னொரு ஆண்டு போயிற்று.

வாயுவால் இயங்கும் செமி ஓட்டோவில் உதை நீண்டு பரவி, ஒரு தள்ளலாக மாறிவிடுகிறது. பெரெட்டாவின் ஏ300 வரிசையில் பழையது ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் தாமதிக்காமல் வாங்கச் சொல்வேன். ஆனால் அதற்கே 900 டொலர் போய்விடக்கூடும். சில செமி ஓட்டோக்களுக்கு 24 கிராம் தோட்டா போதாமல் பொறி பின்னுக்குப் போக மறுக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இடதுகைக்காரர்களுக்கு ஓவர் அண்டர், அதாவது மேலும் கீழுமாக இரண்டு குழல் உள்ளது, மிகவும் பிடிக்கும்: வெற்றுத் தோட்டா முகத்துக்குக் குறுக்கே பறக்காது, மடித்துத் திறந்தவுடன் காலி என்று எல்லாருக்கும் தெரியும். ஜப்பானில் மிரோக்கு செய்து பிரவுனிங் பெயரில் வரும் சிற்றோரி தலைமுறை தாண்டியும் நிற்கும். ஆனால் அது இந்தப் பணத்துக்குள் வராது. மிக மலிவான புதிய ஓவர் அண்டரை வாங்குவதைவிட நல்ல பம்ப் மேல் என்பதில் அண்ணனோடு சேர்ந்துகொள்கிறேன்.

பதில் 3: வொன் நண்பர்

சுருக்கமாக இரண்டு விடயங்கள்.

பழையது வாங்கினால், விற்பவர் தனிநபராக இருந்தாலும் உங்கள் அனுமதி செல்லுபடியானதா என்று அரசின் துவக்குப் பதிவாளரிடம் உறுதிசெய்து ஒரு குறிப்பு இலக்கம் பெற்றே கைமாற்ற வேண்டும். 2022 மே 18 முதல் இது சாதாரண வேட்டைத் துவக்குக்கும் சட்டம். குறிப்பு இலக்கம் வேண்டாம், காசு தந்தால் போதும் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வாங்குமுன் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள்: சீரான வளையங்களாக ஒளி தெரிய வேண்டும், ஓரிடத்தில் வளையம் நெளிந்தால் அங்கே அடி பட்டிருக்கிறது. வாயறையில் துரு இருக்கிறதா என்றும் விரல்விட்டுப் பாருங்கள். நான் ஒருமுறை 250 டொலருக்கு வாங்கிய பம்ப் வெளியே கண்ணாடிபோல இருந்தது. மூன்றாவது தோட்டாவிலேயே வெற்றுறை அறைக்குள் இறுகி, சோங்கை நிலத்தில் ஊன்றி முன்பிடியை உதைத்துத்தான் திறக்க முடிந்தது. அறையைத் தேய்த்துச் சீராக்கக் கொடுத்த கூலியையும் சேர்த்தால் புதியதற்கே பணம் காணும்.

தாராவுக்குப் போவதானால் ஈயச் சன்னம் கூடாது. அதற்குக் கனடா முழுவதும் 1999 இலிருந்து தடை. உருக்குச் சன்னம் ஈயத்தைப்போல நசுங்காது. இறுக்கமான ஃபுல் சோக்கில் அதைச் சுடாதீர்கள். அதைவிடத் தளர்ந்த மொடிஃபைட் சோக் போதும், உருக்குக்கு அதுவே ஈயத்தின் ஃபுல் அளவுக்கு நெருக்கமாக விழும். மேலும் தாரா போன்ற புலம்பெயர் பறவைகளுக்குத் துவக்கில் அறையும் தோட்டா அடுக்கும் குழாயும் சேர்த்து மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது. பம்ப் துவக்கின் குழாய்க்குள் ஒரு மரக்குச்சி அடைப்பு இருக்கும். துப்புரவாக்கும்போது அதைக் கழற்றினால் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

கேள்வியாளர்: ஸ்காபரோ இடதுகை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெருவிரல் சோதனையை வீட்டில் பலமுறை செய்து பார்த்தேன். என் கண்ணும் இடதுதான். சனிக்கிழமை கழகத்தில் விருந்தினராகப் போய், இரவலாகக் கிடைத்த ஒரு மொஸ்பேர்க் 500 இலும் ஒரு பழைய செமி ஓட்டோவிலும் ஒவ்வொரு சுற்று ட்ராப் சுட்டேன். பம்ப்பில் 25 க்கு 9, செமி ஓட்டோவில் 11. அக்கா சொன்ன உதை வித்தியாசத்தைத் தோள் உணர்ந்தது. ஆனால் பம்ப்பில் 28 கிராம் தோட்டாவுக்குப் பதிலாக ஒருவர் தந்த 24 கிராமைப் போட்டபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் போய்விட்டது. ஆகவே 500 ஐப் புதியதாக வாங்கி, மிச்சப் பணத்தில் 24 கிராம் தோட்டா பத்துப் பெட்டி எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். எந்தச் சோக்கில் தொடங்குவது?

பதில் 4: பீற்றர்பரோ அண்ணன்

நல்ல முடிவு, தம்பி. பத்துப் பெட்டி என்றால் 250 தட்டு. அவ்வளவையும் பனி விழுமுன் சுட்டு முடித்துவிடுங்கள். ட்ராப்புக்கு மொடிஃபைட், ஸ்கீற்றுக்கும் கிரௌஸுக்கும் அதைவிடத் தளர்ந்த இம்ப்ரூவ்ட் சிலிண்டர். பனிமுயலுக்கு மொடிஃபைட், 6 ஆம் இலக்கச் சன்னம். தட்டுக்கு 7½ அல்லது 8 (இலக்கம் கூடினால் சன்னம் சிறிது). தொடங்குமுன் பெரிய கடதாசி ஒன்றில் 30 அங்குல வட்டம் வரைந்து 30 யார் தூரத்தில் சுட்டுப் பாருங்கள். ஒரே சோக்கில் இரண்டு விதத் தோட்டா எவ்வளவு வேறாகப் பரவுகிறது என்பதைக் கண்ணால் கண்டால்தான் நம்புவீர்கள்.

விசைப் பூட்டைத் துவக்கோடு சேர்த்தே வாங்குங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பூட்டும் இரும்புப் பெட்டியும் இரண்டும் வேண்டும், தோட்டாக்கள் வேறு இடத்தில் பூட்டியிருக்க வேண்டும். ஹலிபேர்ட்டனுக்குப் புறப்படுமுன் நீங்கள் போகும் நகராட்சியில் ஞாயிறு துவக்கு வேட்டைக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். பிரெஞ்ச், மட்டாவா ஆறுகளுக்குத் தெற்கே அது ஊருக்கு ஊர் மாறும். ஒக்டோபர் நடுப்பகுதியில் நானும் அந்தப் பக்கம்தான் இருப்பேன். விரும்பினால் தனிமடல் போடுங்கள். பழைய மரம் வெட்டும் பாதையில் ஒரு காலை சேர்ந்து நடக்கலாம்.