காலி தியேட்டரில் சீட் மடங்கும் சத்தம்

படம் முடிந்து கூட்டம் கலைந்த பின் பால்கனியில் ஒரு சீட் ‘டக்’கென்று மடங்குகிறது. அங்கே ஆளில்லை. பழைய தியேட்டர்க் கதைகளில் இதைத்தான் அடிக்கடி கேட்கிறோம். மடக்கு சீட்டை மேலே தூக்குவது ஸ்பிரிங் அல்லது பின்பக்க எடை. ஸ்பிரிங் தளர்ந்து, கீலில் தூசியும் காய்ந்த எண்ணெயும் பிசினாகச் சேர்ந்தால், ஆள் எழுந்த பிறகும் சீட் பாதியிலேயே நிற்கும். அப்புறம் மெல்ல நழுவி, கடைசியில் படாரென்று மேலேறும். சீட் எண்ணைக் குறித்துக்கொண்டு பகலில் கையால் அழுத்தி விட்டுப் பாருங்கள், பக்கத்து சீட்டையும் அப்படியே. நேர வித்தியாசம் காட்டிக்கொடுத்துவிடும். பழைய பிசினைத் துடைக்காமல் மேலேயே எண்ணெய் விடாதீர்கள், தூசி இன்னும் சேரும்.

மேடையில் காலடிச் சத்தமா? சிங்கப்பூரில் வெளிக்காற்றின் ஈரப்பதம் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். ஏர்கானில் காய்ந்த பலகை, அதை அணைத்ததும் ஈரத்தை இழுத்து உப்பும். இணைப்புகள் ஒவ்வொன்றாக முனகும். யாரோ நடப்பது போலவே இருக்கும்.

*

மேலே எழுதியவர் விளக்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார். அணைத்த பல்பு மங்கலாக எரிந்தால் முதலில் டிம்மரை, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்சைப் பாருங்கள். பல டிம்மர்கள் அணைத்த நிலையிலும் துளி மின்சாரத்தைக் கசியவிடும். பழைய இழை பல்பு அதற்கு அசையாது, எல்இடி பல்புக்கு அதுவே போதும். பல்பை மட்டும் மாற்றிவிட்டு டிம்மரை அப்படியே விடும் இடங்களில் இது சகஜம். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள், நீங்களே பிரிக்க வேண்டாம்.

இன்னொன்று: நடுமேடையில் இரவு முழுக்க எரியும் ஒற்றை பல்பை அணைத்துவிடாதீர்கள். பேய் விளக்கு என்று பெயர் இருந்தாலும், இருட்டில் வருபவர் மேடை விளிம்பில் கால் தவறி விழாமல் காப்பது அதுதான்.

*

காரணமில்லாமல் நெஞ்சு படபடத்தால் மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள். 1998இல் பொறியாளர் விக் டாண்டி வெளியிட்ட ஆய்வில், இங்கிலாந்து ஆய்வகம் ஒன்றில் சாம்பல் நிற உருவம் தெரிந்ததற்கு ஒரு விசிறி எழுப்பிய சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வைக் காரணமாகச் சொன்னார். காதுக்கு எட்டாத அதிர்வு அது. எல்லாவற்றுக்கும் இதையே காரணமாக்குவதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் சோதிக்க ஒரு சுவிட்ச் போதும்.

ஆவிகள் உலவுவதாகச் சீனர்கள் நம்பும் ஏழாம் சந்திர மாதத்தில் கெத்தாய் என்ற மேடைப் பாட்டு நிகழ்ச்சி பார்க்கப் போனால் முதல் வரிசை நாற்காலிகளில் மட்டும் உட்காராதீர்கள். அவை ஆவிகளுக்கென்று விட்டவை. பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லி, இரண்டாம் வரிசைக்குக் கூட்டிப் போங்கள்.