அமெரிக்காவில் ஏன் எல்லாருக்கும் அரசு மருத்துவம் இல்லை?

கேள்வி: அவ்வளவு பணக்கார நாடு. வேலை போனால் மருத்துவக் காப்பீடும் ஏன் கூடவே போகிறது?

பதில் 1: போர்க்காலத்தில் விழுந்த முடிச்சு. 1942இல் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு வந்தது. காப்பீட்டுக்கு விலக்கு. ஆள் பிடிக்க முதலாளிகள் அதைக் கொடுத்தார்கள். 1954 வரிச்சட்டம் அந்தத் தொகைக்கு வரி இல்லை என்று உறுதி செய்தது. பிறகு யார் விடுவார்கள்?

பதில் 2: அதிபர் ட்ரூமன் 1945லேயே தேசியக் காப்பீடு கேட்டார். மருத்துவர் சங்கம் 'சோஷலிச மருத்துவம்' என்று பயமுறுத்தியே கவிழ்த்தது. 1965இல் அரசுக் காப்பீடு வந்தது: முதியோருக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்டு. நடுவில் இருப்பவர் அம்போ.

பதில் 3: ஏழைகள் எல்லாருக்கும் கிடைக்கிறதா என்ன? 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் மெடிகெய்டை இன்னும் பல ஏழைகளுக்கு விரிவாக்குவது மாநிலத்தின் விருப்பம். டெக்சாஸ் செய்யவில்லை.

வேலை போனவர் கோப்ரா சட்டப்படி பழைய காப்பீட்டை 18 மாதம் தொடரலாம், நிறுவனத்தில் 20 பேராவது இருந்திருந்தால். ஆனால் முதலாளி பங்கையும் சேர்த்து, மொத்தக் காப்பீட்டுக் கட்டணத்தில் 102 சதவீதம் வரை கட்டணும். முடிவு சொல்ல 60 நாள். கெடு தாண்டினால் அந்த வழி அடைபட்டது.